யூடியூபில் உழவர் ஒலித்தொடர்: கேட்போரைப் பெருக்கும் வழிமுறைகள்

உழவர் ஒருவர் தாம் கண்டறிந்த நல்ல முறையைப் பிற உழவருக்கு எடுத்துச் சொல்ல முன்பெல்லாம் வாய்ப்புகள் குறைவு. வரப்பில் சொல்லலாம், சந்தையில் சொல்லலாம், வானொலி நிலையத்தார் அழைத்தால் அங்கு சென்றும் சொல்லலாம். இன்று கையில் உள்ள செல்போனே ஒலிப்பதிவுக் கூடமாகவும் ஒலிபரப்பு நிலையமாகவும் பயன்படுகிறது. ஆயினும் பேசுவது எளிதாகிவிட்டதே தவிர, கேட்பதற்கு ஆள் சேர்ப்பது எளிதாகிவிடவில்லை. ஆர்வத்துடன் தொடங்குவோர் பலர், பத்து நிகழ்ச்சிகள் வெளியிட்டு, ஒவ்வொன்றையும் முப்பது பேர்கூடக் கேட்கவில்லை என்று கண்டு மனம் சலித்து விட்டுவிடுகின்றனர்.

குறை பெரும்பாலும் அவர்களது அனுபவத்தில் இல்லை. அதைக் கேட்பவரிடம் கொண்டு சேர்க்கும் முறையில்தான் உள்ளது. கள்ளக்குறிச்சி மாவட்டம், கல்வராயன் மலை வட்டத்தின் தலைமையிடமான வெள்ளிமலைப் பகுதி உழவர்கள் சிலர் சேர்ந்து இத்தகைய ஒலித்தொடர் ஒன்றைத் தொடங்குவதாக வைத்துக் கொண்டு, அதற்குக் கேட்போரைப் பெருக்கும் முறைகளை இக்கட்டுரையில் காண்போம். பிற மாவட்ட உழவர்களும் தத்தம் பயிருக்கும் ஊருக்கும் ஏற்ப இவற்றைக் கையாளலாம்.

வானொலி கற்றுத் தந்தவை

ஒலியின் வழியாக வேளாண்மை வளர்ந்த வரலாறு நமக்குப் புதியதன்று. 1956-ஆம் ஆண்டில் புணே வானொலி நிலையம், மராத்தி பேசும் ஐந்து மாவட்டங்களில் 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்களை அமைத்து ஒரு சோதனை நடத்தியது. ஒவ்வொரு மன்றத்திலும் ஏறத்தாழ இருபது பேர் கூடி நிகழ்ச்சியைக் கேட்டனர். கேட்டபின் தங்களுக்குள் விவாதித்தனர். ஐயங்களை நிலையத்திற்கு எழுதினர். அவற்றுக்கு அடுத்தடுத்த நிகழ்ச்சிகளில் விடை தரப்பட்டது. இம்முறை நல்ல பலன் தரவே, பின்னர் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1960-களில் ஆடுதுறை 27 என்னும் குறுகிய கால நெல் ரகம் தஞ்சை மாவட்டத்தில் விரைந்து பரவியதற்குத் திருச்சி வானொலி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சிகள் பெரிதும் துணை நின்றன. அதனால் உழவர்கள் அதனை 'வானொலி நெல்' என்றே அழைத்தனர்.

இவ்விரு நிகழ்வுகளிலும் பொதுவான செய்தி ஒன்று உண்டு. கேட்டவர் வெறுமனே கேட்டு எழுந்து போகவில்லை. கேட்டதை வயலில் செய்து பார்த்தார், ஐயம் எழுந்தால் திரும்பக் கேட்டார். யூடியூபிலும் கேட்போர் பெருகும் வழி இதுவே.

ஒலித்தொடர் என்பது யாது?

ஒரே பொருள் பற்றி, குறித்த இடைவெளியில், தொடர்ந்து வெளிவரும் பேச்சு நிகழ்ச்சியே பாட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர். இச்சொல் 2004-ஆம் ஆண்டில் தோன்றியது. தொடக்கத்தில் ஒலியாக மட்டுமே இருந்தது. பின்னர் பேசுவோரைப் படம் பிடித்துக் காணொளியாகவும் வெளியிடும் வழக்கம் வந்தது. 2005-இல் தொடங்கப்பட்ட யூடியூப், இன்று ஒலித்தொடர்கள் கேட்கப்படும் முக்கியமான தளங்களுள் ஒன்றாகிவிட்டது. மாதந்தோறும் நூறு கோடிக்கும் மேற்பட்டோர் தன் தளத்தில் ஒலித்தொடர்களை நாடுவதாக அந்நிறுவனம் 2025 பிப்ரவரியில் அறிவித்தது.

யூடியூபில் நிகழ்ச்சிகளை ஒரே வரிசைப் பட்டியலில் சேர்த்து, அப்பட்டியலைப் 'பாட்காஸ்ட்' எனக் குறித்தல் வேண்டும். யூடியூப் ஸ்டுடியோவில் இதற்கு வசதி உள்ளது. தொடருக்கென ஒரு சதுரப் படமும் தேவை. இவ்வாறு குறிப்பதால் ஒரு தனி நன்மை உண்டு. யூடியூபின் வழக்கமான செயலியில் கட்டணம் செலுத்தாதவர் திரையை அணைத்தால் ஒலி நின்றுவிடும். ஆனால் பாட்காஸ்ட் எனக் குறிக்கப்பட்ட தொடரை யூடியூப் மியூசிக் செயலியில், கட்டணம் இன்றியே, திரையை அணைத்த நிலையிலும் கேட்கலாம். களை எடுக்கும்போதும் மாடு மேய்க்கும்போதும் செல்போனைச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு கேட்க இது உதவும். இதனை ஒவ்வொரு நிகழ்ச்சியின் இறுதியிலும் கேட்போருக்கு நினைவூட்டுவது நலம்.

யூடியூப் எவ்வாறு ஆள் சேர்க்கிறது?

நிகழ்ச்சியை ஏற்றிவிட்டால் யூடியூப் அதை எல்லோருக்கும் காட்டிவிடும் என்று எண்ணுவது தவறு. முதலில் அது சிலருடைய திரையில் தலைப்பையும் முகப்புப் படத்தையும் காட்டுகிறது. அவர்களுள் எத்தனை பேர் திறக்கின்றனர், திறந்தவர் எவ்வளவு நேரம் இருக்கின்றனர், மனநிறைவு அடைகின்றனரா என்பவற்றைக் கவனிக்கிறது. பலன் நன்றாக இருந்தால் அதே விருப்பம் உடைய மேலும் சிலருக்குக் காட்டுகிறது. 2012-ஆம் ஆண்டு முதலே, எத்தனை முறை திறக்கப்பட்டது என்பதைவிட, எவ்வளவு நேரம் பார்க்கப்பட்டது என்பதற்கு யூடியூப் முதன்மை தந்து வருகிறது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்கலாம். இரண்டு நிகழ்ச்சிகள் தலா 2,000 பேருக்குக் காட்டப்படுவதாகக் கொள்வோம். முதல் நிகழ்ச்சிக்கு 'குச்சிக்கிழங்கில் கோடி ரூபாய்' என்று தலைப்பு. 200 பேர் திறக்கின்றனர். உள்ளே சரக்கு இல்லாமையால் சராசரியாக 2 நிமிடத்தில் வெளியேறுகின்றனர். மொத்தம் 400 நிமிடம். இரண்டாவதற்கு 'குச்சிக்கிழங்குக்குப் பாயிண்ட் குறைவது ஏன்?' என்று தலைப்பு. 100 பேரே திறக்கின்றனர். ஆனால் சராசரியாக 9 நிமிடம் கேட்கின்றனர். மொத்தம் 900 நிமிடம். பாதிப் பேரே திறந்த போதிலும் இரண்டாவதே வளரும் நிகழ்ச்சி. அந்த நூறு பேர் அடுத்த வாரமும் வருவார்கள் என்பது அதனினும் பெரிய ஆதாயம்.

யாருக்காக, எதைப் பற்றி?

'எல்லா உழவருக்கும் எல்லாச் செய்தியும்' என்று தொடங்கும் தொடர் யாருக்கும் உரியதாக அமைவதில்லை. சிறிய பரப்பில் ஆழ உழுவதே நலம். கல்வராயன் மலையில் மரவள்ளி, சாமை, தினை, கேழ்வரகு, மலை நெல் ஆகியவை பயிராகின்றன. புளி, கடுக்காய், தேன் போன்ற வனப்பொருள்களும் கிடைக்கின்றன. இவற்றுள் ஒன்றிரண்டை மட்டும் முதல் ஆறு மாதங்களுக்கு எடுத்துக் கொள்ளலாம்.

மரவள்ளியையே எடுத்துக் கொள்வோம். கிழங்கின் மாவுச்சத்தைப் பாயிண்டாகக் கணித்தே விலை தரப்படுகிறது. பாயிண்ட் எவ்வாறு பார்க்கப்படுகிறது, எந்த மாதத்தில் பிடுங்கினால் பாயிண்ட் கூடும், மழைக்குப் பின் உடனே பிடுங்கினால் என்ன ஆகும், வண்டி ஏற்றுவதற்கு முன் எடையை எவ்வாறு சரிபார்ப்பது என்று இந்த ஒன்றிலேயே நான்கு நிகழ்ச்சிகள் உள்ளன. தேமல் நோய் இல்லாத செடியிலிருந்து விதைக்கரணை தேர்ந்தெடுத்தல், வெள்ளை ஈயைக் கண்காணித்தல், ஊடுபயிர் என மேலும் பல தலைப்புகள் கிடைக்கும்.

எந்தத் தலைப்பில் பேசினால் கேட்பார்கள் என்று ஊகிக்க வேண்டியதில்லை. சந்தையிலும் கிழங்கு எடை போடும் இடத்திலும் உழவர்கள் கேட்கும் கேள்விகளை, அவர்கள் சொன்ன சொற்களிலேயே ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும். யூடியூபின் தேடும் கட்டத்தில் பயிரின் பெயரைத் தட்டினாலும் பிறர் என்ன தேடுகின்றனர் என்று அதுவே வரிசையாகக் காட்டும். 'மரவள்ளி' என்று தேடுபவரும் உண்டு. 'குச்சிக்கிழங்கு' என்று தேடுபவரும் உண்டு. எனவே இரு பெயர்களும் தலைப்பிலோ விளக்கக் குறிப்பிலோ இடம்பெற வேண்டும். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவோரும் பலர் என்பதால் விளக்கக் குறிப்பில் அவ்வாறும் ஒருமுறை எழுதலாம்.

ஒரு சொல்லின் விளைவு

பேசும் பொருளில் பிழை நேர்ந்தால் என்ன ஆகும் என்பதை மாவுப்பூச்சியைக் கொண்டு அறியலாம். மரவள்ளியைத் தாக்கும் அயல்நாட்டு மாவுப்பூச்சி 2020-ஆம் ஆண்டில் நம் நாட்டில், கேரளத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பின்னர் தமிழ்நாட்டிலும் பரவிப் பெருஞ்சேதம் விளைவித்தது. தாக்கப்பட்ட செடியின் நுனி சுருண்டு, இலைகள் கொத்தாகக் குறுகி நிற்கும். ஆப்பிரிக்காவில் இதே பூச்சியை 1981 முதல் அனகைரஸ் லோபெசி என்னும் சிறு ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டு கட்டுப்படுத்தினர். அக்குளவியைப் பெங்களூரிலுள்ள தேசிய வேளாண் பூச்சி ஆய்வு நிறுவனம் மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து 2021-இல் தருவித்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் உள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அது வெளியிடப்பட்டது.

குளவி மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று அழிக்கிறது. இந்நிலையில் யாரோ ஒருவர் காணொளியில், 'இந்தக் கடும் மருந்தை வாரம் ஒருமுறை அடியுங்கள், பூச்சி ஓடிவிடும்' என்று சொல்லிவிட்டால் என்ன ஆகும்? மருந்தடித்த வயலில் குளவியும் மடியும். மாவுப்பூச்சியோ மெழுகுப் பூச்சுக்குள் இருப்பதால் ஒரு பகுதி தப்பி மீண்டும் பெருகும். மருந்துச் செலவு ஒருபுறம், மகசூல் இழப்பு ஒருபுறம். பத்தாயிரம் பேர் கேட்ட நிகழ்ச்சியானால் பிழையும் பத்தாயிரம் வயலுக்குப் போகும்.

ஆகையால் பூச்சி, நோய், மருந்து, உர அளவு பற்றிப் பேசும் முன் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ ஆராய்ச்சி நிலையத்திலோ கேட்டு உறுதி செய்து கொள்ளுதல் அவசியம். 1800-180-1551 என்ற உழவர் அழைப்பு மைய எண்ணிலும் கட்டணமின்றிக் கேட்கலாம். வல்லுநரையே நிகழ்ச்சியில் பேச வைத்தால் இன்னும் நன்று.

பேசுபவர் யார்?

வல்லுநர் சொல்வதற்கு ஒரு மதிப்பு உண்டு. அதையே தன் வயலில் செய்து பார்த்த பக்கத்து ஊர் உழவர் சொல்வதற்கு மற்றொரு மதிப்பு உண்டு. டிஜிட்டல் கிரீன் என்னும் அமைப்பு கர்நாடகத்தில் 16 கிராமங்களில், 1,470 குடும்பங்களிடையே 13 மாதங்கள் நடத்திய சோதனை இதனைத் தெளிவாக்குகிறது. உள்ளூர் உழவர்களையே படம் பிடித்து, ஊர்க் கூட்டங்களில் காட்டி, விவாதித்த எட்டுக் கிராமங்களில், வழக்கமான பயிற்சி முறை மட்டும் நடந்த கிராமங்களை விட ஏழு மடங்கு அதிகமாக உழவர்கள் சில புதிய முறைகளைக் கைக்கொண்டனர்.

எனவே ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் பேசுபவரின் ஊர், நிலத்தின் அளவு, மண் வகை, மானாவாரியா இறவையா என்பவற்றை முதலிலேயே சொல்லச் செய்ய வேண்டும். 'நல்ல மகசூல் கிடைத்தது' என்று அவர் கூறினால் அத்துடன் விட்டுவிடாமல், 'எத்தனை மூட்டை, எத்தனை ஏக்கரில், செலவு போக எவ்வளவு?' என்று கேட்க வேண்டும். அவர் நட்டம் அடைந்ததையும் சொல்லட்டும். நட்டத்தின் காரணத்தைச் சொல்லும் நிகழ்ச்சியால் கேட்பவருக்கு ஒரு பருவச் செலவு மிச்சமாகும். ஆனால் அவருடைய கடன், குடும்பச் செய்தி முதலியவற்றை ஒலிபரப்பக் கூடாது. பதிவு செய்யும் முன்பும் வெளியிடும் முன்பும் அவரது ஒப்புதலைப் பெற வேண்டும்.

பேச்சு மொழி மலையில் பேசப்படும் மொழியாகவே இருக்கட்டும். மேடைத் தமிழுக்கு மாற வேண்டியதில்லை.

ஒலிப்பதிவு

காணொளியில் படம் சற்று மங்கினாலும் பொறுத்துக் கொள்வர். ஒலி தெளிவில்லாவிட்டால் அப்போதே மூடிவிடுவர். இதற்குப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. சட்டையில் மாட்டும் சிறிய மைக் ஒன்று போதும். அது சில நூறு ரூபாய்க்கே கிடைக்கிறது. மைக் வாயிலிருந்து ஒரு சாண் தொலைவில் இருக்க வேண்டும். வெறும் சுவர்கள் உள்ள அறையில் எதிரொலி வரும். எனவே துணிகளும் தானிய மூட்டைகளும் உள்ள அறை ஏற்றது. தகரக் கூரையின் கீழ் மழை நேரத்தில் பதிவு செய்வதைத் தவிர்க்கவும். வயலில் பேசும்போது காற்றிரைச்சல் புகாதபடி மைக்கின் மேல் பஞ்சுறை மாட்ட வேண்டும். பதிவின்போது அழைப்பு வராமல் இருக்கச் செல்போனை விமானப் பயண நிலையில் வைக்கவும். முதலில் அரை நிமிடம் பேசிப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்த பிறகே முழு நிகழ்ச்சியைத் தொடங்க வேண்டும்.

பேசுவோரைப் படமாகவும் எடுக்க இயன்றால் எடுக்கலாம். இயலாவிடில் செடி, கிழங்கு, பூச்சி ஆகியவற்றின் படங்களைப் பேச்சுக்கு ஏற்ப இடையிடையே சேர்க்கலாம். ஒரே படத்தைப் பதினைந்து நிமிடமும் நிறுத்தி வைத்தால் திரையைப் பார்ப்பவர் விரைவில் விலகுவார். எனினும் படத்தைப் பார்க்காமல் கேட்பவருக்கும் செய்தி முழுதும் விளங்க வேண்டும். 'இதோ இப்படி இருக்கும்' என்று காட்டுவதோடு நில்லாமல், நிறம், அளவு, இடம் ஆகியவற்றைச் சொற்களால் சொல்ல வேண்டும்.

முதல் அரை நிமிடம்

திறந்தவர்களுள் பலர் விலகிப் போவது முதல் அரை நிமிடத்தில்தான். முப்பதாவது நொடியில் எத்தனை சதம் பேர் எஞ்சியுள்ளனர் என்பதை யூடியூப் தனியே கணக்கிட்டுக் காட்டுகிறது. நீண்ட இசை, நன்றியுரை, தன்னறிமுகம், 'சப்ஸ்கிரைப் செய்யுங்கள்' என்ற வேண்டுகோள் ஆகியவற்றை முதலில் வைக்கக் கூடாது. சிக்கலை முதலில் சொல்லி, கேட்பதால் என்ன கிடைக்கும் என்று அடுத்துச் சொல்ல வேண்டும். மாதிரிக்குக் கீழ்க்கண்டவாறு தொடங்கலாம்.

'குச்சிக்கிழங்குச் செடியின் நுனி சுருண்டு கொத்தாக நிற்கிறதா? மருந்துக் கடைக்குப் போவதற்கு முன் இந்தப் பன்னிரண்டு நிமிடத்தைக் கேளுங்கள். செலவில்லாமல் செய்ய வேண்டியவை மூன்றும், செய்யக் கூடாதது ஒன்றும் இதில் உள்ளன.'

இவ்வளவும் இருபது நொடிக்குள் அடங்கும். வாக்களித்த நான்கு செய்திகளையும் உள்ளே தவறாமல் தர வேண்டும். தொடங்குவோருக்குப் பத்து முதல் பதினைந்து நிமிட நிகழ்ச்சியே ஏற்றது. பதினைந்து நிமிடத்துக்கு மேற்பட்ட காணொளியை ஏற்ற, யூடியூபில் தொலைபேசி எண்ணைச் சரிபார்த்துக் கொள்ள வேண்டும்.

விளக்கக் குறிப்பில் எந்த நிமிடத்தில் என்ன செய்தி என்று வரிசையாக எழுதினால் யூடியூப் நிகழ்ச்சியைப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டும். இதற்கு முதல் குறிப்பு 0:00 என்று தொடங்க வேண்டும். குறைந்தது மூன்று குறிப்புகள் வேண்டும். ஒவ்வொரு பகுதியும் பத்து நொடிக்குக் குறையக் கூடாது.

தலைப்பும் முகப்புப் படமும்

தலைப்பு 100 எழுத்துக்குறிகள் வரை இருக்கலாம். ஆனால் செல்போன் திரையில் முற்பகுதியே தெரியும். ஆகவே பயிரின் பெயரும் சிக்கலும் முதலில் வர வேண்டும். தொடரின் பெயரும் வரிசை எண்ணும் இறுதியில் வரலாம். 'மலையோசை, நிகழ்ச்சி 7' என்று தொடங்கும் தலைப்பை, அத்தொடரை அறியாத ஒருவர் திறக்க மாட்டார்.

முகப்புப் படத்தில் நான்கைந்து சொற்களுக்கு மேல் வேண்டாம். சுருண்ட நுனியின் தெளிவான படம் ஒன்றே தன் வயலில் அதைப் பார்த்த உழவரை நிறுத்திவிடும். காட்டப்படும் நூறு பேரில் 2 முதல் 10 பேர் வரை திறப்பதே பாதிச் சேனல்களின் நிலை என்று யூடியூப் கூறுகிறது. எனவே நூற்றுக்கு ஐந்து பேர் திறந்தால் மனம் தளர வேண்டியதில்லை.

முதல் இருபது பேர்

புதிய தொடரை யூடியூப் தானாக எடுத்துச் செல்லாது. முதல் கேட்போரை நாமே சேர்க்க வேண்டும். புணே மன்றங்களைப் போல, பயிர் ஒன்றே ஆகிய இருபது உழவர்களைக் கொண்ட வாட்ஸ்அப் குழு ஒன்றை முதலில் அமைக்கலாம். நிகழ்ச்சியின் இணைப்பை அனுப்புவதுடன் ஒரு கேள்வியையும் சேர்த்து அனுப்ப வேண்டும். 'உங்கள் வயலில் நுனி சுருட்டல் எத்தனை செடியில் உள்ளது?' என்பது போன்ற, வயலில் இறங்கி எண்ணிப் பார்த்தே விடை சொல்லக் கூடிய கேள்வியாக அது இருக்கட்டும். விடைகளையும் ஐயங்களையும் அடுத்த நிகழ்ச்சியில் எடுத்துக் கூற வேண்டும். தன் கேள்விக்கு விடை வந்ததைக் கேட்டவர், அதைப் பத்துப் பேருக்கு அனுப்புவார்.

மலை ஊர்களில் பல இடங்களில் செல்போன் கோபுரத்தின் தொடர்பு சரிவரக் கிடைப்பதில்லை. அவர்களுக்காக நிகழ்ச்சியின் ஒலியை மட்டும் தனிக் கோப்பாக்கி அனுப்பலாம். பதினைந்து நிமிடப் பேச்சைச் சிறிய அளவில் ஏழு எம்.பி.க்குள் அடக்கிவிடலாம், காணொளியோ பல மடங்கு இடம் கொள்ளும். இவ்வாறு கேட்பவர் யூடியூபின் கணக்கில் சேர மாட்டார். ஆயினும் செய்தி போய்ச் சேருவதே நோக்கம் ஆதலால் அதனை இழப்பாகக் கொள்ள வேண்டாம்.

வாரத்தில் ஒரு நாளைக் குறித்துக் கொண்டு, அந்த நாளில் தவறாமல் வெளியிட வேண்டும். சந்தை நாளுக்கு முதல் நாள் மாலை ஏற்றதாக இருக்கலாம். வாரம் இயலாவிட்டால் இரு வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக் கொள்க; ஆனால் நாள் மாறக் கூடாது. அறுவடை நெருக்கடிக்கு உதவும்படி மூன்று நிகழ்ச்சிகளை முன்னதாகவே பதிவு செய்து கையிருப்பில் வைப்பது நலம். பருவச் செய்தியை இரண்டு வாரம் முன்பே தர வேண்டும். சாமை விதைத்து முடித்த பின் வரும் விதை நேர்த்தி நிகழ்ச்சியால் அந்த ஆண்டு பயனில்லை.

ஒவ்வொரு நிகழ்ச்சியிலிருந்தும் சிறந்த ஒரு நிமிடத்தை வெட்டி, 'ஷார்ட்ஸ்' என்னும் குறுங்காணொளியாக வெளியிடலாம். இவ்வசதியை யூடியூப் 2020 செப்டம்பரில் இந்தியாவில்தான் முதலில் சோதித்தது. குறுங்காணொளி புதியவர்களுக்கு முகம் காட்டும். ஆயினும் அதைப் பார்த்தவர் எல்லோரும் நீண்ட நிகழ்ச்சிக்கு வருவார் என்று எண்ண வேண்டாம். முழு நிகழ்ச்சியின் இணைப்பை அதில் தவறாமல் சேர்க்கவும்.

கணக்குப் பார்த்தல்

மாதம் ஒருமுறை யூடியூப் ஸ்டுடியோவைத் திறந்து கீழ்க்காணும் நான்கினை ஒரு நோட்டில் குறித்து வரவும்.

1. காட்டப்பட்டவரில் திறந்தவர் எத்தனை சதம்? இது குறைந்தால் தலைப்பையும் முகப்புப் படத்தையும் மாற்றுக.

2. அரை நிமிடத்தில் எஞ்சியவர் எத்தனை சதம்? இது குறைந்தால் தொடக்கத்தைச் சுருக்குக.

3. சராசரியாக எத்தனை நிமிடம் கேட்டனர்? எந்த இடத்தில் வரைகோடு சட்டென இறங்குகிறதோ, அந்த இடத்தைத் தாமே கேட்டுப் பார்த்து, அடுத்த முறை அத்தகைய பேச்சைத் தவிர்க்கவும்.

4. மீண்டும் வந்தவர் எத்தனை பேர்? இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது.

ஒரு நிகழ்ச்சியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. ஒரு செடியைப் பார்த்து வயலின் மகசூலைக் கணிப்பதில்லை அல்லவா? பன்னிரண்டு நிகழ்ச்சிகளாவது வெளிவந்த பின் ஒப்பிட்டுப் பார்த்து மாற்றங்கள் செய்க.

வருமானம் கிடைக்குமா?

விளம்பர வருமானத்தில் பங்கு பெற, 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளி வரிசையில் பார்க்கப்பட்ட நேரம் இதில் சேராது. வாரம் ஒன்றாக ஆண்டுக்கு 52 நிகழ்ச்சிகள் வெளியிடுவதாகக் கொள்வோம். சராசரியாக ஒருவர் 6 நிமிடம் கேட்டால் 4,000 மணி நேரத்திற்கு 40,000 முறை கேட்கப்பட வேண்டும். அதாவது நிகழ்ச்சி ஒன்றுக்குச் சுமார் 770 முறை. சராசரி 10 நிமிடமானால் 24,000 முறை போதும். நிகழ்ச்சிக்குச் சுமார் 460. கேட்கும் நேரத்தைக் கூட்டுவது புதிய ஆளைத் தேடுவதற்கு இணையான பலன் தருவதை இக்கணக்கால் அறியலாம்.

புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் அவர் பேரன்மாரும் 2018-இல் தொடங்கிய 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் ஒரு கோடி சந்தாதாரரைக் கடந்தது. உழவுக் குடும்பத்தார், திறந்த வெளிச் சமையலையே பொருளாகக் கொண்டு, ஒரே பாணியை விடாது காத்ததால் அந்த நிலையை எட்டினர். ஆனால் சமையலை மொழி தெரியாதவரும் பார்க்கலாம். மரவள்ளியின் பாயிண்ட் பற்றிய பேச்சு அப்படியன்று. எனவே ஒலித்தொடர் நடத்துவோர் அவர்களின் விடாமுயற்சியைப் பின்பற்றலாம். எண்ணிக்கையை அளவுகோலாகக் கொள்ளக் கூடாது.

உழவருக்கு உண்மையான வருமானம் வேறு வழிகளில் வரும். சாமை அரிசியையும் தேனையும் கூட்டாக விற்பதற்கு நம்பிக்கையுள்ள வாங்குவோர் கிடைப்பர். கிழங்கின் விலை விவரம் முன்கூட்டியே தெரிந்தால் பேரம் பேசும் வலிமை கூடும். வேண்டாத மருந்துச் செலவு குறையும்.

தவிர்க்க வேண்டியவை

திரைப்படப் பாடல்களைப் பின்னணியில் சேர்க்கக் கூடாது. காப்புரிமை மீறல் எச்சரிக்கை 90 நாட்களுக்குள் மூன்று முறை வந்தால் சேனலே நீக்கப்படும். யூடியூப் தரும் இலவச இசையையோ நம் பறை, குழல் ஒலியையோ பதிவு செய்து பயன்படுத்தலாம்.

பணம் கொடுத்துச் சந்தாதாரர் எண்ணிக்கையை வாங்குவது விதிக்குப் புறம்பானது. அவர்கள் கேட்கவும் மாட்டார்கள்.

மருந்து, விதை நிறுவனங்களிடம் பணமோ பொருளோ பெற்று நிகழ்ச்சி வெளியிட்டால் அதனைத் தொடக்கத்திலேயே கேட்போருக்குத் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் அது ஒரு நாள் வெளிப்படும். அன்றோடு நம்பிக்கை போய்விடும்.

வெளியிட்ட செய்தியில் பிழை தெரிய வந்தால் அடுத்த நிகழ்ச்சியின் தொடக்கத்திலேயே திருத்தம் சொல்லவும். பழைய நிகழ்ச்சியின் விளக்கக் குறிப்பிலும் திருத்தத்தை எழுதவும். மருந்து அளவில் பிழையானால் அந்நிகழ்ச்சியையே நீக்கிவிட வேண்டும்.

முடிவாக, முன்னூறு மலை உழவர்கள் வாரந்தோறும் தவறாமல் கேட்டு, அதில் முப்பது பேர் செய்து பார்க்கும் தொடர், லட்சம் பேர் ஒருமுறை திறந்து மூடும் காணொளியைவிட மேலானது. அந்த முப்பது பேரின் வயலே அடுத்த நிகழ்ச்சிக்குரிய செய்தியைத் தரும். அவர்களின் சொல்லே புதிய கேட்போரைக் கொண்டு வரும். எனவே உழவர் பெருமக்கள் தத்தம் ஊரில் நான்கைந்து பேராகச் சேர்ந்து, ஒரு பயிரையும் ஒரு கிழமையையும் தேர்ந்து, வரும் பருவத்திற்கு முன்பே முதல் மூன்று நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து வைத்துக் கொண்டு, இப்பணியைத் தொடங்கிப் பயன் பெறலாம்.